பூசணியும் ஆப்பிளும் முறுகச் சுட ஒரு கனத்த ஓவன் தட்டு: இரண்டு இலையுதிர் காலங்கள் பயன்படுத்திய பின்

வேலை நாள் மாலைகளில் மஞ்சள் பூசணியையும் ஆப்பிளையும் ஒன்றாகச் சுட்டெடுப்பதற்கென்றே நான் வாங்கிய கனத்த அலுமினிய ஓவன் தட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. வாங்கி இரண்டு இலையுதிர் காலங்கள் முடிந்துவிட்டன. இவ்விரு பருவங்களிலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது அது ஓவனுக்குள் போய் வந்திருக்கிறது என்பதால், அதன் நிறைகளையும் குறைகளையும் இப்போது ஓரளவு உறுதியோடு சொல்ல முடியும் என்று நம்புகிறேன். பூச்சு எதுவும் இல்லாத, வெளிர் நிறமான, நான்கு புறமும் தாழ்ந்த விளிம்பு கொண்ட தட்டு அது. பேக்கரிகளில் பயன்படும் முழு அளவுத் தட்டில் பாதி இருப்பதால் அரை அளவுத் தட்டு என்ற பெயரில் விற்கிறார்கள். நீளம் ஏறத்தாழ 46 செ.மீ., அகலம் 33 செ.மீ., விளிம்பின் உயரம் இரண்டரை செ.மீ. பல நிறுவனங்கள் இதே அளவில், ஏறக்குறைய இதே வடிவில் தயாரிக்கின்றன. ஆகையால் நான் சொல்வதில் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் கனத்த தட்டுக்கும் பொருந்தும்.

உணவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை வைத்துத்தான் இந்தத் தட்டை எடைபோடுகிறேன். இலையுதிர் காலத்தில் பூசணியும் ஆப்பிளும் ஒரே சமயத்தில் விளைந்து வருகின்றன. களைத்து வீடு திரும்பி மாலை ஏழு மணிக்குச் சமையலறைக்குள் நுழைபவருக்கு, இவ்விரண்டையும் வெங்காயத்தோடு சேர்த்துச் சுட்டெடுப்பதைப் போல இணக்கமான சமையல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நறுக்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்; பிறகு நாற்பது நிமிடம் ஓவன் பார்த்துக்கொள்ளும், நாம் பிள்ளைகளின் பாடத்தையோ மறுநாள் வேலையையோ கவனிக்கலாம். ஆனால் இத்தகைய எளிய உணவில் குறையை மறைக்க இடமே கிடையாது. மசாலா இல்லை, குழம்பு இல்லை, தாளிதம் இல்லை. காய் முறுகியிருக்கிறதா அல்லது வெறுமனே அவிந்து குழைந்திருக்கிறதா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

பல ஆண்டுகள் எனக்கு அது அவிந்து குழைந்ததாகவே வந்தது. அப்போது என்னிடம் இருந்தது மெல்லிய தகட்டாலான ஒரு தட்டு. ஓவன் 220 டிகிரியை எட்டியதும் உள்ளேயிருந்து டங்கென்று ஒரு சத்தம் வரும்; கதவைத் திறந்து பார்த்தால் தட்டின் ஒரு மூலை விரலளவு மேலே எழும்பி நிற்கும். ஊற்றிய எண்ணெய் முழுவதும் எதிர் மூலைக்கு ஓடித் தேங்கிவிடும். அங்கிருக்கும் துண்டுகள் எண்ணெயில் மிதந்து பொரியும். மேட்டில் இருப்பவை காய்ந்து சுருங்கும். நடுவில் இருப்பவை தங்கள் நீரிலேயே வெந்து சொதசொதவென்று கிடக்கும். ஒரே தட்டில் மூன்று வகை உணவு என்ற நிலை. இதற்குக் காரணம் பூசணிதான் என்று நினைத்து வகையை மாற்றிப் பார்த்தேன், எண்ணெயைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், நேரத்தை நீட்டிப் பார்த்தேன். தட்டை மாற்ற வேண்டும் என்பது கடைசியில்தான் புரிந்தது.

மெல்லிய தகடு கோணுவதன் காரணம் எளியது. தட்டின் ஒரு பகுதியில் குளிர்ந்த காய் கிடக்கிறது, இன்னொரு பகுதி வெறுமையாக இருக்கிறது. வெறுமையான பகுதி விரைவில் சூடேறி விரிய, காயின் கீழுள்ள பகுதி விரியாமல் நிற்க, இடையில் அகப்பட்ட தகடு வளைந்து கொடுக்கிறது. நான் வாங்கிய புதிய தட்டு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டு, சுருளுக்குள் ஓர் எஃகுக் கம்பி சுற்றிலும் ஓடுகிறது. கையில் எடுத்து எதிர்மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பார்த்தால் அது வளைய மறுப்பதை உடனே உணரலாம். இத்தனைக்கும் எடை ஒரு கிலோவை எட்டவில்லை, ஏனெனில் அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நிறையக் காய் பரப்பிய தட்டை ஒரு கையால் வெளியே இழுத்து, மறு கையால் துண்டுகளைத் திருப்பிவிட முடிகிறது என்பது, வேலை நாள் சமையலில் சின்ன விஷயமாகத் தோன்றினாலும், நாள்தோறும் நன்றியோடு நினைக்க வைக்கிறது. இரண்டு ஆண்டுகளில் இந்தத் தட்டு ஒருமுறைகூடக் கோணவில்லை. மேசைமேல் வைத்தால் இன்றும் நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் படிகின்றன.

வெப்பத்தைக் கடத்துவதிலும் அலுமினியம் சிறந்தது. அது வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கும், துருப்பிடிக்காத எஃகைப் போல் பத்து மடங்குக்கு மேலும் வெப்பத்தைக் கடத்தும். நடைமுறையில் இதன் பொருள், ஓவனின் பின்சுவர் அருகில் உள்ள துண்டும் கதவருகில் உள்ள துண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே சிவக்கும் என்பது. ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். என் ஓவனின் பின்பகுதி சற்று அதிகமாகக் காய்வதால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது, அதை எந்தத் தட்டாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

ஆனாலும், இந்தத் தட்டின் உண்மையான சிறப்பு அதன் உலோகத்தைவிட அதன் பரப்பிலும் தாழ்ந்த விளிம்பிலும் இருக்கிறது என்பதே நான் கண்டது. பூசணியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் நீர். ஆப்பிளிலும் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில் நீர்தான். ஒரு துண்டின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தாலும் அந்த மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காயின் சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து சிவந்த நிறத்தையும் முறுகல் மணத்தையும் தரும் மாற்றம் வேகம் பிடிப்பதோ 140 டிகிரிக்கு அருகில்தான். ஆக, நீர் போனால்தான் நிறம் வரும். பள்ளியில் படித்த கணக்கு இங்கே உதவுகிறது: ஒரு கிராம் நீரைச் சுழியத்திலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 100 கலோரி போதும், ஆனால் கொதிக்கும் நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி தேவை. ஓவனின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஆவியாக்கத்துக்கே செலவாகிறது. எழும் ஆவி உடனே விலகிப் போக வழியிருந்தால் காய் முறுகும். துண்டுகள் நெருக்கியடித்துக் கிடந்தாலோ, பாத்திரத்தின் சுவர் உயரமாக இருந்தாலோ, ஒரு துண்டு விட்ட ஆவியில் அடுத்த துண்டு அவிந்துகொண்டே இருக்கும்.

இதை என் சமையலறை அளவில் கணக்கிட்டுப் பார்த்தேன். சுத்தம் செய்த ஒரு கிலோ பூசணியை இரண்டரை செ.மீ. கட்டங்களாக நறுக்கினால் ஏறத்தாழ அறுபது துண்டுகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் தரையில் ஆறே கால் சதுர செ.மீ. இடம் பிடிக்கும், மொத்தம் 400 சதுர செ.மீ.க்குள் அடங்கும். இரண்டு ஆப்பிளை எட்டெட்டுக் கீற்றுகளாக வகுந்து, ஒரு பெரிய வெங்காயத்தையும் சேர்த்தால் 700 அளவுக்கு வரும். தட்டின் உட்பரப்பு கிட்டத்தட்ட 1,290 சதுர செ.மீ. அதாவது நான்கு பேருக்கான உணவை ஒரே அடுக்கில் பரப்பிய பிறகும் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் வெறுமையாகத் தெரியும். அந்த வெற்றிடம் வீணானதன்று. ஆவி வெளியேறும் வழி அது. இதே அளவு காயை 26 செ.மீ. விட்டமுள்ள என் வார்ப்பிரும்பு வாணலியில் போட்டால், அதன் பரப்பே 530 சதுர செ.மீ.தான் என்பதால், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. வாணலியின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இருவருக்கு மட்டும் சமைக்கும் நாளில் அது அருமையாகவே முறுக வைக்கிறது. நான்கு பேருக்கு அதில் இடமில்லை. கண்ணாடிப் பாத்திரத்தின் உயர்ந்த சுவர்கள் ஆவியைத் தடுத்து நிறுத்துவதால் அதை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த காயைக் கொட்டுவது பாத்திரத்தையே விரிசல் விட வைக்கக்கூடும்.

இனி ஒரு மாலை எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வெறுந்தட்டை ஓவனின் கீழ்ப்பகுதி அடுக்கில் வைத்து 220 டிகிரிக்குத் திருகிவிடுவேன். உள்விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 200 போதும். ஓவன் காயும் நேரத்தில் நறுக்கும் வேலை நடக்கிறது. பட்டர்நட் போன்ற மெல்லிய தோல் கொண்ட பூசணியாக இருந்தால் தோலைச் சீவுவதில்லை, நன்றாகக் கழுவினால் போதும். சுட்ட பிறகு அந்தத் தோல் மென்மையாகிவிடுகிறது, சீவும் நேரமும் மிச்சமாகிறது. தடித்த தோல் உள்ள வகைகளை ஞாயிற்றுக்கிழமையே சீவி நறுக்கி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் நான்கு நாட்கள் வரை நன்றாக இருக்கும். ஆப்பிளை மட்டும் முன்கூட்டி நறுக்கக் கூடாது. வெட்டுப்பட்ட பரப்பில் காற்று பட்டதும் கருத்துவிடும்.

நறுக்கிய பூசணியைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்துக் கையால் பிசறுவேன். எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் கிண்ணத்திலேயே பிசறுவது முக்கியம், அப்போதுதான் ஒவ்வொரு துண்டின் எல்லாப் பக்கங்களிலும் மெல்லிய படலமாகப் படியும். பிறகு காய்ந்த தட்டை வெளியே இழுத்து, துண்டுகளைக் கொட்டிப் பரப்புவேன். அந்தக் கணத்தில் எழும் சுரீர் என்ற ஓசைக்காகவே இந்தத் தட்டை எனக்குப் பிடிக்கும். பழைய தட்டில் அந்த ஓசை எழுந்ததே இல்லை. மெல்லிய தகட்டில் சேர்ந்திருக்கும் வெப்பம், குளிர்ந்த காய் பட்டதும் அடங்கிப்போய்விடும். இங்கே ஓசை அரை நிமிடம் வரை நீடிக்கிறது, விளிம்பை ஒட்டி எண்ணெய்க் குமிழிகள் நுரைப்பதைக் காணலாம். ஒவ்வொரு துண்டின் தட்டையான முகமும் உலோகத்தின்மேல் படும்படி விரைவாக ஒருமுறை நேர்செய்துவிட்டுக் கதவை மூடிவிட வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம் வரை திறக்காமல் இருப்பது நல்லது. பத்தாவது நிமிடத்தில் ஆவலோடு திறந்து திருப்பப் பார்த்தால் துண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டு, அடித்தோலை அங்கேயே விட்டுவிட்டுப் பிய்ந்து வரும். பொறுத்திருந்தால், அடிப்பக்கத்தில் முறுகிய தோல் ஒன்று உருவாகி, தட்டைக் கரண்டியை நுழைத்ததும் துண்டு தானாக விடுபடுகிறது. விடுபட்ட துண்டைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் செம்பழுப்பும் விளிம்பில் கருஞ்சிவப்புமாக, தட்டின் பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள்கூட அச்சாகப் பதிந்திருக்கும். பூச்சு இல்லாத உலோகம் என்பதால் ஒட்டுமே என்று தயங்குவோருக்கு இதுதான் என் பதில்: போதிய சூடும் எண்ணெயும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை.

ஆப்பிளைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது பலரும் செய்யும் பிழை. ஆப்பிளின் கன அளவில் ஏறத்தாழக் கால்பங்கு திசுக்களுக்கிடையே அடைபட்ட காற்று. அதனால்தான் அது நீரில் மிதக்கிறது. வெப்பத்தில் அந்தக் காற்று வெளியேறியதும் சதை சரிந்துவிடும். அதோடு, ஆப்பிளின் சர்க்கரையில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ்; அது சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கருகத் தொடங்கும். ஆகவே பூசணியைத் திருப்பிவிடும் இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் ஆப்பிள் கீற்றுகளையும், இதழ் பிரித்த வெங்காயத்தையும் மிச்சமிருக்கும் வெற்றிடங்களில் வைக்க வேண்டும். அங்கேதான் தட்டின் பரப்பு மீண்டும் கைகொடுக்கிறது. பூசணி அதற்குள் சுருங்கி இன்னும் இடம் விட்டிருக்கும், ஆப்பிளுக்குத் தேடித் தேடி இடம் செய்ய வேண்டியதில்லை. மேலும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். புளிப்பும் கெட்டித் தன்மையும் உள்ள பச்சை ஆப்பிள் வகைகள் வடிவம் குலையாமல் நிற்கின்றன. மாவுத்தன்மை கொண்ட இனிப்பு வகைகள் கூழாகிவிடுகின்றன. முழுதாகக் கனியாத பேரிக்காயும் ஆப்பிளின் இடத்தில் நன்றாகவே அமைந்தது. திராட்சையை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சுவை பிரமாதம், ஆனால் வெடித்து வழிந்த சாறு தட்டில் பாகாகி இறுகி, கழுவுவதற்கு நெடுநேரம் ஊற வைக்க வேண்டியதாயிற்று.

பூசணியையும் ஆப்பிளையும் சமையலில் சேர்ப்பது சரி, சேமிப்பில் சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு அருகிலுள்ள பூசணியின் ஆயுளைக் குறைக்கும். பூசணியை உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் தனியே வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதுமான குறை அளவுதான். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்கள் பலவற்றில் இந்தத் தட்டு நுழையவே நுழையாது. நுழைந்தாலும் போதாது, தட்டைச் சுற்றி இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியாவது இருந்தால்தான் சூடான காற்று மேலும் கீழும் போய்வரும். இடைவெளி இல்லாமல் சுவரோடு சுவராக அடைத்து வைத்தால் தட்டின் கீழே வெப்பம் தேங்கி, காயின் அடி கருகும், மேல்புறம் வெளுத்தே கிடக்கும். நான் பார்த்த விளம்பரங்கள் எதிலும் இந்த எச்சரிக்கை இல்லை. சிறிய ஓவன் வைத்திருப்பவர்கள் 33 செ.மீ. நீளமும் 24 செ.மீ. அகலமும் உள்ள கால் அளவுத் தட்டை வாங்கலாம். ஆனால் அதில் இருவருக்கான காயை மட்டுமே பரப்ப வேண்டும், நான்கு பேருக்கானதைத் திணித்தால் பழைய கதைதான்.

இரண்டாவது குறை, பூச்சற்ற அலுமினியத்துக்கே உரியது. அதன் மேற்பரப்பில் இயல்பாக உருவாகும் மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் உலோகத்தைக் காக்கிறது. அந்தப் படலத்தைப் புளிப்பும் அரிக்கும், காரமும் அரிக்கும். வாங்கிய முதல் மாதத்தில், சுட்டு முடித்த காயின்மேல் தட்டிலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டு, மிச்சமிருந்ததை அப்படியே மூடி இரவு முழுதும் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தபோது துண்டுகள் இருந்த இடங்களில் சாம்பல் நிறத் திட்டுகள் விழுந்திருந்தன; விளிம்போரக் காயில் மெல்லிய உலோகச் சுவையும் தெரிந்தது, எடுத்துக் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து சாறு பிழிவதும், வினிகர் தெளிப்பதும் பரிமாறும் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகுதான். இன்னொரு நாள் வீட்டில் யாரோ உதவி செய்வதாக எண்ணித் தட்டைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள். அதன் சோப்புத்தூளில் உள்ள காரம் வெள்ளி மினுக்கத்தை முழுதாகக் கொண்டுபோய், தட்டை மங்கிய கருஞ்சாம்பல் நிறமாக்கிவிட்டது. தொட்டால் விரலில் கரி போலப் படிந்தது. நன்றாகத் தேய்த்து, எண்ணெய் தடவிச் சூடாக்கித் துடைத்த பிறகு அந்தக் கரி நின்றது, நிறம் திரும்பவில்லை. சமைப்பதில் வேறுபாடு தெரியவில்லை என்றாலும், கையால் மட்டுமே கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தயாரிப்பாளர்கள் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடாமல் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

கையால் கழுவுவதும் அவ்வளவு சுலபமில்லை. தட்டு கழுவுதொட்டியில் படுக்காது. ஒரு பாதியைக் கழுவி, திருப்பி, மறுபாதியைக் கழுவ வேண்டும். தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றி, உணவு உண்டு முடிக்கும் வரை ஊறவிட்டால் முறுகல் படிவுகள் மென்நாருக்கே கழன்று வந்துவிடும். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது குளிர்ந்த நீரைக் கொட்டக் கூடாது, கனத்த தட்டும் கோணுவதற்கு அது ஒன்றே போதும். சுருட்டிய விளிம்பின் மூலைகளில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. கழுவிய நீர் அதன் வழியே உள்ளே புகுந்துகொள்கிறது. துடைத்து வைத்த தட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் சிறிது நேரம் கழித்து மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும். உள்ளிருக்கும் கம்பி எஃகு என்பதால் ஈரம் தங்கினால் துருப்பிடிக்க வாய்ப்புண்டு. அணைத்த ஓவனில் மிச்சமிருக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தெடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கழுவும் சிரமத்துக்கு அஞ்சி பலர் பார்ச்மென்ட் காகிதத்தை விரித்துச் சுடுகிறார்கள். நானும் பல நாட்கள் அப்படிச் செய்திருக்கிறேன், மிகவும் களைத்த நாட்களில் இன்றும் செய்கிறேன். கழுவுவது எளிதாகிறது என்பது உண்மை. ஆனால் காகிதத்துக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய காற்றிடை ஏற்படுவதால் அடிப்பக்கம் அதே நேரத்தில் அதே நிறத்துக்கு வருவதில்லை, அந்தச் சுரீர் ஓசையும் இல்லை. தவிர, காகிதத்துக்கு வெப்ப வரம்பு உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துவிட்டே 220 டிகிரியில் பயன்படுத்த வேண்டும், பல வகைகளுக்கு அதுவே எல்லையாக இருக்கிறது. சிலிக்கோன் விரிப்பு இன்னும் தடிமனானது. பிஸ்கட்டுக்கு ஏற்றது, பூசணிக்கு ஏற்றதன்று. ஒட்டாப் பூச்சுள்ள கறுப்புத் தட்டை ஒரு மாதம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். கழுவுவதில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் கறுப்பு நிறம் ஓவனின் கதிர்வீச்சு வெப்பத்தை அதிகம் உறிஞ்சிக்கொள்வதால் ஆப்பிள் கீற்றுகளின் அடி, உள்ளே வேகும் முன்பே கருகியது. உலோகக் கரண்டியை அதில் பயன்படுத்தவும் மனம் வரவில்லை.

இந்தத் தட்டை யார் வாங்க வேண்டும் என்று கேட்டால், நடுத்தர அளவு அல்லது பெரிய ஓவன் இருந்து, வாரத்தில் ஒருமுறையாவது மூன்று நான்கு பேருக்குக் காய்கறி சுடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஓவனை எப்போதாவது திறப்பவர்களுக்கு, அடுக்கி வைக்கும் இடம்தான் பெரிய கேள்வியாக இருக்கும். என் வீட்டில் அது அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் செங்குத்தாக நிற்கிறது. வாங்கப் போகும்போது ஓவனின் உட்புற அகலத்தையும் ஆழத்தையும், கதவு மூடிய நிலையில் எவ்வளவு கிடைக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். கடையில் தட்டைக் கையில் எடுத்து எதிர்மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நடுப்பகுதி சளசளவென்று குழிந்து மேடாகுமானால், என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் வைத்துவிடுங்கள். விளிம்பின் சுருளை விரலால் வருடி, மூலைகளில் கூர்மை இல்லாமல் நன்றாக மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் இதே அளவில் இரண்டாவது தட்டு ஒன்றையும் வாங்கியிருக்கிறேன். விருந்தினர் வரும் நாளில் ஒரே தட்டில் இரண்டு கிலோவைக் குவிக்காமல், இரண்டு தட்டுகளில் பரப்பி இரண்டு அடுக்குகளில் வைக்கிறேன். பூசணியைத் திருப்பும் நேரத்தில் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றிவிடுகிறேன். அப்படியும் இரண்டு தட்டு ஆவி ஒரே ஓவனுக்குள் சேர்வதால் ஏழெட்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. நடுவில் ஒருமுறை கதவைச் சற்றுத் திறந்து, குபீரென்று வரும் ஆவியை வெளியே விட்டு மூடினால் அந்தத் தாமதம் பாதியாகக் குறைகிறது.